613-ஆம் தோட்டாவின் பதிவு

மஞ்சணாறு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த பதினாறு வருஷமும் ஜெயகர் துரை தன் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் தானே கையால் அடைத்துக்கொண்டார். அடைத்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் போதும், அது எந்த டின் வெடிமருந்தில் அடைத்தது, கூடு எத்தனையாவது தடவை உபயோகப்பட்டது, உள்ளே இருப்பது பறவைக்கான பொடி ரவையா பன்றிக்கான ஈயக்குண்டா, எந்தத் தேதியில், எந்த மழையில், எத்தனை தப்படி தூரத்தில் வெடித்தது, வெடித்து என்ன ஆயிற்று என்பதையெல்லாம் நோட்டைத் திறக்காமலே சொல்லக்கூடிய ஒரு மனிதர் அந்த மலையில் இருந்தார். அவர் ஆபீஸ் ரைட்டர் ஞானசிகாமணி.

ஞானசிகாமணி துப்பாக்கியைத் தொட்டதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் துரை முதலில் சிகரெட் அட்டையிலும் கொழுந்துச் சீட்டின் பின்பக்கத்திலும் கிறுக்கி வைத்திருந்த குறிப்புகளை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பொறுக்கி, எண் வாரியாகப் பிரித்து, பதினொரு பத்தி போட்ட நீள நோட்டில் ஏற்றியவர் அவர்தான். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘முடிவு’. அதில் ‘பன்றி, விலாவில்’ என்றோ ‘தவறியது’ என்றோ ‘காட்டுக்கோழி, இரண்டு’ என்றோ எழுதுவார். கோடு சிதறாது, மை பரவாது, ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் மேல் ஏறாது. தராசு பொய் சொன்னாலும் ரைட்டர் நோட்டு பொய் சொல்லாது என்று துரை விருந்தாளிகளிடம் சொல்லுவார். அப்போது ரைட்டர் தலையைக் குனிந்துகொள்வார், ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குப் போய் மனைவி எஸ்தரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார்.

613-ஆம் தோட்டாவை அடைத்த வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். பூட்டிய மூன்றாம் வாரம் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கம்பளியில் தூக்கிக்கொண்டு பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இறங்கினார்கள். ஏழாவது வளைவில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மறுநாள் காலை பெண்கள் யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. கொழுந்து நிறுக்கிற களத்தில் வந்து நின்றார்கள், ஆஸ்பத்திரியைத் திறந்தால்தான் கூடையைத் தோளில் மாட்டுவோம் என்றார்கள். அவர்களுக்காகப் பேசியவள் வெள்ளத்தாய். நாற்பது வயது இருக்கும், அதிராமல் பேசுவாள், பேசும்போது எதிராளியின் கண்ணை விட்டு நகரமாட்டாள். நான்காம் நாள் திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் துரை களத்துக்கு வந்து கலைந்து போகச் சொன்னார். வெள்ளத்தாய் முடியாது என்றாள். துரை தோட்டா அறைக்குப் போனார், துப்பாக்கியோடு வந்தார், பன்னிரண்டு தப்படி தள்ளி நின்று அவள் நெஞ்சுக்கு நேரே சுட்டார்.

சத்தம் கேட்டது. புகை வந்தது. பெண்கள் தரையில் விழுந்தார்கள். வெள்ளத்தாய் மட்டும் நின்றாள், ஏனென்றால் குண்டு வந்து சேரவில்லை. துப்பாக்கிக் குழலுக்கு ஒரு முழம் முன்னால், நெஞ்சு உயரத்தில், நெல்லிக்காய் அளவில், ஈயத்தின் சாம்பல் நிறத்தோடு அது காற்றில் இருந்தது. நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மாலையில் ஆலை சங்கு ஊதுகிற நேரத்தில் ஒருத்தி குச்சியை நட்டு அளந்து பார்த்தபோதுதான் அது நாலு விரல் முன்னேறியிருப்பது தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு சாண், அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

துரை துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். ரைட்டர் நோட்டைத் திறந்து 613 என்ற வரியில் தேதியும் தூரமும் எழுதினார். உள்ளே இருந்தது ஈயக்குண்டு என்பது மூன்று மாதம் முன்பே அவர் கையால் எழுதப்பட்டிருந்தது. ‘முடிவு’ பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பத்தியை வெறுமனே விட்டுவிட்டு நோட்டை மூடினார்.

வெள்ளத்தாய் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவளைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள், பலகை போட்டார்கள், கஞ்சி கொண்டுவந்தார்கள். குண்டு ஒரு பக்கம் ஒரு சாண் ஒரு சாணாக வந்துகொண்டிருந்தது, அவள் மறுபக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள், பேன் பார்க்கத் தலையைக் கொடுத்தாள், சண்டைகளைத் தீர்த்து வைத்தாள். மலைக்குக் கீழே இருந்து ஜனம் பார்க்க வந்தது. கடலை விற்கிறவன் வந்தான். பத்தாம் நாள் அதை இரும்புச் சட்டியால் மறித்துப் பார்த்தார்கள், சட்டியில் நெல்லிக்காய் அளவு ஓட்டை விழுந்தது. இருபதாம் நாள் கட்டு அவிழ்ந்துபோன ஒரு வெள்ளாடு எம்பி அதன் முன் நுனியை மோந்து பார்த்தது. மூக்கு பட்ட கணத்தில் களம் அதிர்கிற மாதிரி வெடிச் சத்தம் கேட்டது, ஆடு நாலு தப்படி தூரம் எறியப்பட்டுச் செத்துக் கிடந்தது, குண்டு பழைய இடத்தில் பழையபடி ஊர்ந்துகொண்டிருந்தது. உயிரைத் தொட்டால் மட்டும் அதற்குத் தன் வேகம் ஞாபகம் வருகிறது என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு கடலை விற்கிறவன் கொஞ்சம் தள்ளிக் கடை போட்டான், அவ்வளவுதான்.

போலீஸ் இரண்டு தடவை வந்தது. யார் மேலும் எதுவும் படவில்லையே, எதை எழுதுவது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குண்டு போய்ச் சேரட்டும், அப்புறம் வாருங்கள் என்றும் சொன்னார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு அதற்கு ஒரு சட்டப் பிரிவு தெரியவில்லை.

முப்பதாம் நாளுக்குப் பிறகு பெண்களுக்குச் சலிப்பு தட்டியது. சிலர் மலைக்குப் போகத் தொடங்கினார்கள், போகிற வழியில் வெள்ளத்தாய்க்குக் கஞ்சி வைத்துவிட்டுப் போனார்கள், பிறகு கஞ்சி வைக்க வெட்கப்பட்டு வேறு வழியில் போனார்கள். ஒதுங்கிக்கொள்ளேன் என்று சிலர் கெஞ்சினார்கள். நீ செத்தால் பழி எங்கள் மேல்தானே வரும் என்று சிலர் கோபப்பட்டார்கள். முப்பத்தெட்டாம் நாள் காலை, குண்டுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு சாண் மிச்சமிருந்தபோது, ரைட்டர் ஞானசிகாமணி களத்துக்கு வந்தார்.

வெள்ளத்தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். புடவை மாற்றியிருந்தாள், தலை வாரியிருந்தாள்.

அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். வருகிற மாதம் விசாரணை அதிகாரி வரப்போகிறார். துரை பன்றி விரட்டுகிற, குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைத்தான் சுட்டதாகச் சொல்லப்போகிறார். ஆனால் நோட்டு இருக்கிறது. எண் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஈயக்குண்டு என்பது இருக்கிறது. கொல்லத்தான் சுட்டார் என்பதற்கு அவள் பிணம் தேவையில்லை.

“அந்த நோட்டு உங்க கிட்ட இருக்கா, துரை கிட்ட இருக்கா?” என்று அவள் கேட்டாள்.

“என் மேஜையில. சாவி என் இடுப்புல.”

“நான் நகர்ந்துட்டா, ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும் ரைட்டரய்யா. இத்தனை நாள் இங்க உட்கார்ந்தது அதுக்காகத்தான்.”

“ஆகாது. நீ நிக்கிற இடத்துல என் நோட்டு நிக்கும். நான் எழுதினது ஒரு நாளும் பொய்யானதில்ல.”

அவள் வெகுநேரம் அவர் கண்ணைப் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு இடதுபக்கம் மூன்று அடி தள்ளி வந்தாள். களத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லை, பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பதாம் நாள் குண்டு அவள் நின்றிருந்த வெற்றிடத்தைக் கடந்துபோனது.

துரை ரைட்டரை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை அவர் தாங்கியிருப்பார். உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். எஸ்தருக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது, குவார்ட்டர்ஸ் சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று விசாரித்தார். வேறு வீடு பார்ப்பதாக இருந்தால் கீழே சமவெளியில் வெக்கையும் தூசியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யோசனையாகக் கேட்டார். பிறகு புதிதாக ஒரு நீள நோட்டை மேஜைமேல் வைத்தார்.

“சுரண்டினா தெரியும். நீ முழுசா வேற நோட்டு எழுது, ரைட்டர். ஒரே ஒரு வரியில ஒரே ஒரு வார்த்தை. மத்ததெல்லாம் உள்ளபடியே இருக்கட்டும்.”

நான்கு நாள் எழுதினார். அதைப் பற்றி அவர் பின்னாளில் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. எழுதும்போது அவருக்கு அருவருப்பாக இல்லை. பழைய நோட்டில் முதல் வருஷத்துக் கோடுகள் சற்றே சாய்ந்திருந்தன, அவற்றை இப்போது நேராக்க முடிந்தது. மூன்று வேறு மைகளில் இருந்தது ஒரே மையில் ஆயிற்று. எண்ணுக்கு எண் புள்ளி ஒரே கோட்டில் விழுந்தது. 613 வந்தபோது ‘வெற்று’ என்று எழுதி, பத்தியின் கடைசியில் ‘பன்றி விரட்ட’ என்று நிரப்பி, 614-க்குப் போனார். மை காய்ந்த பிறகு பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது அது அவர் இதுவரை எழுதியதிலேயே அழகான பக்கமாக இருந்தது, அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. பழைய நோட்டை ஆலையில் இலை உலர்த்துகிற அடுப்பில் போட்டார்கள்.

விசாரணை அதிகாரி வந்தார், நோட்டைப் புரட்டினார், இவ்வளவு சுத்தமான பதிவேட்டை அரசாங்க ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை என்றார். ரைட்டரை ஒரே ஒரு கேள்வி கேட்டார், இது உங்கள் கையெழுத்துதானா என்று. ஆமாம் என்றார், அது பொய்யில்லை. பெண்கள் சொன்னதை அதிகாரி காது கொடுத்துக் கேட்டார், குறித்தும் கொண்டார். எழுந்து ஜீப்புக்குப் போகும்போது களத்தின் நடுவே நெஞ்சு உயரத்தில் இருந்த குண்டு சட்டையில் படாதபடி உடம்பை ஒருக்களித்து, அதைச் சுற்றிக்கொண்டு போனார். பதிவேட்டின்படி அது வெற்றுத் தோட்டா என்று பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிப் பூட்டு துருப்பிடித்தது.

வெள்ளத்தாய் ரைட்டரிடம் எதுவும் கேட்கவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அவர் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டாள், முன்பு எப்போதும் அப்படிச் செய்ததில்லை.

குண்டு போய்க்கொண்டிருந்தது. தரை இறங்கினால் தானும் இறங்கியது, ஏறினால் ஏறியது, நெஞ்சு உயரத்தை மட்டும் விடவில்லை. அது களத்தைத் தாண்ட ஒரு வருஷம் ஆனது, பிள்ளைக் காப்பகத்தைத் தாண்ட இன்னொரு வருஷம். காப்பகத்துச் சுவரில் அது நுழைந்த ஓட்டையில் ஒரு குருவி கூடு கட்டியது. ஆயாம்மா தொட்டில்களை எல்லாம் வடக்குப் பக்கம் மாற்றிக் கட்டினாள். ஜனங்கள் அதற்கு நடையன் என்று பெயர் வைத்தார்கள். நடையன் இப்போது எங்கே என்று கேட்பது மழை எப்படி என்று கேட்பது மாதிரி ஆகிவிட்டது. கல்யாணப் பந்தலில் அதற்கு ஒரு இடைவெளி விட்டார்கள். மாரியம்மன் சப்பரம் அதன் முன்னால் வந்ததும் மேளத்தை நிறுத்திச் சுற்றிக்கொண்டு போயிற்று, இரண்டு வருஷம் கழித்து அப்படிச் சுற்றுவதே வழக்கம் என்று ஆயிற்று. பிள்ளைகளுக்கு நடக்க வந்ததும் முதலில் அதைக் காட்டி, தொடாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதைச் சுட்டது யார் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆறாம் வருஷம் பிறந்த பிள்ளைகள் அது மலையோடு சேர்ந்து உண்டான ஒன்று என்று நினைத்தார்கள். ஜெயகர் துரை மாலையும் பாராட்டும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றுப் போனபோது, வழியனுப்ப வந்த கார்கள் அதைச் சுற்றித்தான் திரும்பின.

அதன் கூடவே நடந்தவர் ஞானசிகாமணி ஒருவர்தான். தினமும் காலை எட்டு மணிக்குப் போவார். அன்றைக்கு அது இருக்கிற இடத்துக்கு நேர்கீழே சுண்ணாம்புக் கோடு போடுவார், இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய கம்பு நடுவார், சட்டைப்பையில் இருக்கிற சின்ன நோட்டில் இடத்தைக் குறிப்பார். எஸ்தர் இறந்த நாளிலும் போனார். ஓய்வுக்குப் பிறகும் அவரை ஆபீஸில் வைத்துக்கொண்டார்கள், அவரைப் போல் எழுத ஆள் கிடைக்கவில்லை. இது தவம் என்று சிலர் சொன்னார்கள், பழக்கம் என்று சிலர் சொன்னார்கள். அவரைக் கேட்டால் பதிவு விட்டுப்போகக் கூடாது என்பார்.

பத்தாம் வருஷம் வந்த புதிய மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், எல்லாரையும் சார் போட்டுப் பேசுகிறவர். அவர் பழைய பதிவேடுகளைப் படித்துப் பார்த்துவிட்டு ரைட்டரைக் கூப்பிட்டார். 613 வெற்றுத் தோட்டா என்று நம் ஆபீஸே எழுதியிருக்கும்போது, குண்டு வருகிறது என்று நம் ஆளே கொடி நட்டால் அது என்ன அர்த்தம் கொடுக்கும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ரைட்டர், மேனேஜர் பக்கமாகத் திறந்திருந்த நோட்டில் தன்னுடைய அழகான வரியைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து கம்புகள் இல்லை, கோடு இல்லை. பரவாயில்லை, எல்லாருக்கும்தான் தெரியுமே என்று அவர் நினைத்தார்.

அந்த வருஷம்தான் வடக்கே இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மஞ்சணாற்றுப் பிள்ளைகள் கீழே கம்பெனிகளுக்குப் போய்விட்டதால் லயத்து வரிசை வீடுகள் பல காலியாக இருந்தன. நடையன் வருகிற வரிசை முன்கூட்டியே காலியாக இருந்தது, அதைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பேச்சு இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது. சூப்பர்வைசர் சொல்லியிருப்பார் என்று பெண்கள் நினைத்தார்கள், பெண்கள் சொல்லியிருப்பார்கள் என்று சூப்பர்வைசர் நினைத்தார். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ரைட்டர் நினைத்தார். அந்த வரிசையின் முன்னால் காலையில் அவர் போய் நிற்பதைப் பார்த்து அவர்கள் ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று எண்ணித் தாங்களும் கைகூப்பினார்கள்.

பதினோராம் வருஷம் ஆடியில், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அந்த வரிசையில் மூன்றாம் வீட்டுப் பெண் கம்பளியை உதறிக்கொண்டே வாசலில் பின்னால் நகர்ந்தாள். வெடிச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. களத்தில் நின்றிருந்தவர்களில் வயசானவர்கள் எல்லாரும் தரையில் விழுந்தார்கள், சின்னவர்கள் அவர்களைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

ஆபீஸில் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, வழுக்கி விழுந்து கல்லில் அடிபட்டதாக எழுதச் சொன்னார்கள். ஞானசிகாமணி அந்தப் பதிவேட்டை மூடினார். அலமாரியிலிருந்து தோட்டா நோட்டை எடுத்தார். 613-ஆம் வரியில் ‘வெற்று’ என்பதை ஒரே கோட்டால் அடித்து, அதன் மேல் ‘ஈயக்குண்டு’ என்று எழுதினார். எந்த டின் மருந்து, யார் அடைத்தது, யார் மேல் சுட்டது, பழைய நோட்டு என்ன ஆயிற்று, இந்த நோட்டை யார் எழுதியது என்று ஓரம் முழுக்க எழுதினார். ‘பன்றி விரட்ட’ என்பதையும் அடித்தார். ‘முடிவு’ பத்தியில், வடநாட்டுப் பெண், வயது சுமார் இருபத்திரண்டு, முதுகில், மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போகும், ஜெயில்கூட வரலாம் என்று தயாராகத்தான் மேனேஜர் மேஜையில் வைத்தார்.

மேனேஜர் கடைசி வரை படித்தார். “வயசாயிடுச்சு சார் உங்களுக்கு. இனிமே நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க” என்றார். நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கி வைத்துக்கொள்ளவோ எரிக்கவோ அவர் அவசியம் எதுவும் காணவில்லை. ஒரே கையெழுத்தில் இரண்டு விதமாக இருக்கிற ஒரு நோட்டு யாரை என்ன செய்துவிடும்?

அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஞானசிகாமணி வெள்ளத்தாய் வீட்டுக்குப் போனார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் நின்றபடியே 613-ஐ முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்ட வேண்டும் என்று விரும்பினார்.

“அது எனக்குன்னு வெச்சிருந்த எடம்” என்றாள் அவள். பிறகு கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் புள்ள பேரு என்ன?” என்று கேட்டாள்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். தெரியாது என்றார்.

“கோழிக்கும் பன்னிக்கும் எண்ணு போட்டு எழுதின நோட்டு ரைட்டரய்யா அது. போயி பேரு கேட்டு எழுதுங்க.”

அவர் போனார். மூன்றாம் வீடு பூட்டியிருந்தது. இறந்தவள் புருஷன் பிணத்தோடு ஊருக்கு ரயிலேறிவிட்டான் என்று சைகையில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார். இரண்டு பெண்கள் கதவோரம் நின்று, முதலில் அவர் முகத்தையும், பிறகு அவர் கையில் திறந்திருந்த நோட்டையும், மூடி கழற்றிய பேனாவையும் பார்த்தார்கள். இறந்தவள் இருந்த வாசலைக் காட்டி, பெயர், பெயர் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களுக்குப் புரிந்தது. புரிந்தது என்பது அவருக்கும் தெரிந்தது. ஒருத்தி மற்றவளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள், அந்தப் பேச்சின் நடுவே அந்தப் பெயர் இருந்திருக்கலாம், ஆனால் எது பெயர் எது பேச்சு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. பிறகு அவள் அந்த மலைக்கு வந்து தான் கற்றுக்கொண்ட சில தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்து அவரிடம் சொன்னாள்.

“தெரியாது, சார்.”

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னார்கள். வரிசையின் கடைசி வீட்டில் அவர் வருவதைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள்.